பரணிலிருந்து இறங்கிய கிட்டார்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி (வாசகர், சுங்கை சிப்புட்): என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், தீபாவளி நாடகங்களுக்கு வாசித்த கிட்டார் ஒன்று பழைய லயத்து வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தது. உள்ளே ‘மார்ட்டின்’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பூச்சு மங்கி, முகப்பில் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன. சுரண்டிவிட்டுப் புதிதாக வார்னிஷ் அடித்து, ஒலி கூடுவதற்காக இரும்புக் கம்பி பூட்ட எண்ணுகிறேன். செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். இரும்புக் கம்பியை எந்தக் காரணத்தைக் கொண்டும் அவசரப்பட்டுப் பூட்டாதீர்கள்.

முதலில் பிரிட்ஜை, அதாவது மேற்பலகையில் ஒட்டியிருக்கும், கம்பிகளைத் தாங்கும் கட்டையைப் பாருங்கள். கம்பிகளின் அடிமுனை அதில் முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருந்தால், அது குடல்நரம்புக்கோ நைலானுக்கோ செய்யப்பட்ட கருவி. ஆறு சிறு முளைகள் கம்பிகளைத் துளைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தால், பெரும்பாலும் இரும்புக் கம்பிக்கானது. முதல் வகைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர் 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அந்தோனியோ தெ தோரெஸ். அவர் காலத்தில் மெல்லிய நரம்பு என்றால் விலங்கின் குடல்தான். இரண்டாம் உலகப் போரில் அதற்குத் தட்டுப்பாடு வந்த பிறகே நைலான் புழக்கத்துக்கு வந்தது. ஆறு நைலான் நரம்புகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ. இரும்புக் கம்பிகளுக்கு அது 70 கிலோவைத் தாண்டும். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிப்புள்ள மேற்பலகை அதை எப்படித் தாங்கும்?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழில் பழகிய புதிதில், தோட்டத்து நண்பர் ஒருவர் வற்புறுத்தினார் என்பதற்காக, இப்படிப்பட்ட கிட்டாருக்கு இரும்புக் கம்பி பூட்டிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் நள்ளிரவில், சுவரில் மாட்டியிருந்த கருவியின் பிரிட்ஜ், மேற்பலகையின் ஒரு சீவலையும் உரித்துக்கொண்டு பிய்ந்து எழும்பியிருந்தது. மறுநாள் அவர் அதைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தபோது, எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

பூச்சில் உள்ள வெடிப்பு நோயன்று, முதுமை. 1920களிலிருந்து பல தொழிற்சாலைகள் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கைப் பூசின. காலப்போக்கில் அது சுருங்கி நுண்ணியதாக வெடிக்கும். கையால் செய்யப்பட்ட கருவிகளில், கொம்பரக்கைப் பஞ்சுத் துணியால் மெல்லிய படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவார்கள். அதன்மேல் கடையில் வாங்கிய தடித்த வார்னிஷை அடித்தால், அதிர வேண்டிய பலகைக்குப் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். அசல் பூச்சை இழந்த பழங்கருவி ஏறத்தாழ பாதி விலைக்குத்தான் போகும் என்பது விற்பவர்களின் வழக்கமான கணக்கு. இலேசாக ஈரமாக்கிப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், அது போதும்.

இனி அந்தத் தாள். 1833இல் நியூயார்க்கில் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம், 1898 முதல் தன் கிட்டார்களுக்கு வரிசை எண் இட்டு வருகிறது. கைவிளக்கையும் சிறு கண்ணாடியையும் வைத்து, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ளேயிருக்கும் மரக்கட்டையைப் பாருங்கள். எண் பொறிக்கப்படாமல் தாள் மட்டும் இருந்தால், ஐயப்படுவதே அறிவுடைமை. ஒலித்துளையின் விளிம்பையும் பாருங்கள்: மேலே தெரியும் மரரேகை விளிம்பின் தடிப்பிலும் தொடர்ந்தால் முழுப்பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

ஒன்றை மட்டும் அவசியம் சரிபார்க்க வேண்டும். கருவி செய்யும் பட்டறைகளில் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பார்கள். நம் ஊரிலோ மழைக்காலத்தில் அது 80ஐத் தாண்டும். மரம் ஈரத்தைக் குடித்து, ரேகைக்குக் குறுக்காக உப்பும், மேற்பலகை புடைக்கும், கம்பி விரலுக்கு எட்டாமல் உயரும். பழைய கருவிகளை ஒட்டிய, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையும் வெப்பத்திலும் ஈரத்திலும் இளகிவிடும். பிரிட்ஜின் பின்விளிம்பின் கீழ் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. உடனே எப்பாக்சி என்னும் வலுவான செயற்கைப் பசையைத் தேடாதீர்கள். வச்சிரப் பசையின் சிறப்பே, வெந்நீராலும் ஆவியாலும் இணைப்பைப் பிரித்து மறுபடி ஒட்டலாம் என்பதுதான். எப்பாக்சி போட்ட இடத்தை அடுத்த தச்சரால் எளிதில் பிரிக்க முடியாது.

கேள்வி (வாசகர், தைப்பிங்): பழைய கிட்டார் என்றாலே ஒலி இனிமையாக இருக்குமா?

பதில்: இருக்காது. அன்று அவசரத்தில் ஒட்டுப்பலகையில் செய்த மலிவுக் கருவி, இன்று அறுபது வயதான மலிவுக் கருவி, அவ்வளவுதான்.

கேள்வி (வாசகி, கோலகங்சார்): திருவிழாக் கச்சேரிக்குக் காரில் கொண்டுபோன வீணையின் மெட்டுகள் (கம்பியை அழுத்தி வாசிக்கும் உலோகப் பட்டைகள்) சாய்ந்துவிட்டன. நானே மெழுகை உருக்கி நிமிர்த்தலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. கிட்டாரில் மெட்டின் இடம் கணக்கில் வரும்: எஞ்சியிருக்கும் கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டுக்கான தூரம் கிடைக்கும். வீணையில் 24 மெட்டுகளையும், தேன்மெழுகோடு கரித்தூள் குழைத்த படுக்கையில், ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுத்தான் பதிப்பார்கள். மேளம் கட்டுவது என்று இதற்குப் பெயர். நண்பகலில் பூட்டிய காருக்குள் அந்த மெழுகு இளகுவது இயல்பே. இளகிய மெழுகின்மேல் கம்பி அழுந்தாதபடி நான்கு வாசிப்புக் கம்பிகளையும் இரண்டு சுருதி தளர்த்தி, வெயில் படாத அறையில் பாயின்மேல் படுக்க வைத்து, மேளம் கட்டத் தெரிந்தவர் வரும்வரை அந்த மெட்டுகளைத் தொடாமல் விடுங்கள்.