எங்கே சுற்றியும் 6174

கிட்டத்தட்ட எந்த நான்கு இலக்க எண்ணில் தொடங்கினாலும், ஒரே கழித்தலைத் திரும்பத் திரும்பச் செய்தால் கடைசியில் 6174-இல் வந்து நிற்கும். இதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மொத்தமாக இங்கே பதில். விதி இதுதான்: ஒரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள், இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள், அதைத் திருப்பிப் போட்டுக் கழியுங்கள், வந்த விடையை மறுபடி அதே மாதிரி செய்யுங்கள். 1987-ஐப் போட்டால் 9871 – 1789 = 8082, அப்புறம் 8820 – 0288 = 8532, அப்புறம் 8532 – 2358 = 6174. அதற்குமேல் நகராது, ஏனென்றால் 7641 – 1467-உம் 6174-தான்.

2111-ஐப் போட்டேன், எனக்கு பூஜ்யம்தான் வந்தது. எங்கே தப்பு?

நிறையப் பேர் விழும் குழி இது. 2111 – 1112 = 999. இதை மூன்று இலக்கமாக எடுத்துக்கொண்டு 999 – 999 என்று போட்டிருப்பீர்கள். முன்னால் ஒரு சுழியைச் சேர்த்து 0999 என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்: 9990 – 0999 = 8991, 9981 – 1899 = 8082, அப்புறம் மேலே பார்த்த பாதைதான். நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால் மட்டும் (4444 போல) உண்மையாகவே பூஜ்யம். மற்றபடி அதிகபட்சம் 7 தடவை கழித்தால் போதும்.

ஏன் எல்லாம் ஒரே இடத்துக்கு வருகிறது?

மந்திரமெல்லாம் இல்லை, முதல் கழித்தலிலேயே கூட்டம் குறைந்துவிடுகிறது. அடுக்கிய இலக்கங்கள் அ, ஆ, இ, ஈ என்றால் விடை எப்போதும் 999 × (அ – ஈ) + 90 × (ஆ – இ). அதாவது இலக்கங்கள் என்னவென்பதே முக்கியமில்லை, இந்த இரண்டு வித்தியாசங்கள் மட்டும்தான். முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை, இரண்டாவது அதைத் தாண்டாது. எண்ணிப் பாருங்கள், மொத்தம் 54 ஜோடிகள். ஆயிரக்கணக்கான எண்கள் ஒரே கழித்தலில் 54-க்குள் அடங்கிவிடுகின்றன! அந்த 54-ஐயும் ஒரு மழைநாளில் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம், நான் போட்டிருக்கிறேன், ஒரு தேநீர் ஆறிப்போனதுதான் நஷ்டம். 6174-க்கு வித்தியாசங்கள் 6, 2: 5994 + 180.

மற்ற இலக்க எண்களுக்கும் இப்படி உண்டா?

மூன்று இலக்கத்துக்கு 495. இரண்டு இலக்கத்தில் நிற்காமல் 09, 81, 63, 27, 45 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து இலக்கத்திலும் சுற்றல்தான்.

ராசியான நம்பர் என்று ஏடிஎம் பின் ஆக வைக்கலாமா?

வேண்டாம். கணக்குப் பைத்தியங்கள் முதலில் அடித்துப் பார்ப்பது இதைத்தான்.

யார் கண்டுபிடித்தது? 6174-க்கு வேறு சிறப்பு உண்டா?

நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேக்கர், 1949-இல். ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் இல்லாத மனிதர். 1975-இல் அமெரிக்கக் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் இவரைப் பற்றி எழுதிய பிறகுதான் வெளிநாட்டில் பரவலாகத் தெரிந்தார். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 6174-உம் அந்த ரகம்: 6 + 1 + 7 + 4 = 18, 6174 ÷ 18 = 343, அதுவோ 7 × 7 × 7. கூடவே 18 + 18² + 18³ = 6174. கூட்டுத்தொகை 9-இன் மடங்காக வருவதற்குக் காரணம் உண்டு, 999, 90 இரண்டுமே 9-ஆல் வகுபடுபவை. 18-இன் இந்த அடுக்கு விளையாட்டுக்கும் கழித்தலுக்கும் மட்டும் சம்பந்தம் கிடையாது.