மழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

வீடு, காணி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள். ஹற்றனில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒன்பது வயதில் மகனும் நான்கு வயதில் மகளும் உள்ளனர். கணவருக்குக் கண்டிக்கு இடமாற்றம் வந்திருப்பதால், நகருக்கு வெளியே சொந்தமாக ஒரு வீடு வாங்க எண்ணுகிறோம். கட்டுகஸ்தோட்டைக்கு மேலே மலைச்சரிவில் ஒன்றும், கம்பளையில் சமதரையில் ஒன்றும் பார்த்திருக்கிறோம். முதல் வீட்டின் முற்றத்திலிருந்து மலைகளும் ஆறும் அழகாகத் தெரிகின்றன. இரண்டாவது வீட்டின் விலை குறைவு. பிள்ளைகளோடு வாழ ஏற்ற இடத்தை எப்படித் தெரிவு செய்வது?
– ஓர் ஆசிரியை, ஹற்றன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இரண்டு வீடுகளையும் எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்பதை உங்கள் கடிதத்தில் காணவில்லை. மலைநாட்டில் வீடு தேடுவோரிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கம் மழை வலுக்கும். கண்டியைச் சுற்றி ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடியோடு கொட்டும். அந்த மழையில் ஒருமுறையாவது போய் நின்று பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் முதலில் வாங்கிய வீட்டைப் பார்த்தது ஒரு பெப்ரவரி மாதம். சமையலறைக்குப் பின்னால் நான்கடி தள்ளி, வெட்டிய மண்மேட்டைத் தாங்க ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. அதற்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். ஜூன் மழையில் அந்த வெள்ளை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்தபோதுதான், மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேறுவதற்காகச் சுவரில் விட்டிருந்த குழாய் வாய்கள் எல்லாம் சீமெந்தால் அடைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சுவர் நடுவில் வயிறு தள்ளத் தொடங்கியது. குழாய்களைத் திறந்து, மேட்டின் உச்சியில் கான் வெட்டி முடிக்கும்வரை பிள்ளைகளை முன்னறையில்தான் படுக்க வைத்தோம்.

ஆகவே கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு மறுபடி போகும்போது முற்றத்துக் காட்சியை விட்டுவிட்டு நேரே பின்பக்கம் போங்கள். சரிவைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணையே முன்பக்கம் நிரப்பி எழுப்பிய வீடுகள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட வீடு பாதி கெட்டித் தரையிலும் பாதி நிரப்பு மண்ணிலும் நிற்பதால், நிரப்பிய பக்கம் காலப்போக்கில் இறங்கும். கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்புகளும், சட்டத்தோடு பொருந்தாமல் இடறும் கதவுகளும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சாய்ந்த மின்கம்பம், அடி வளைந்த மரங்கள், தரையில் நீளமான வெடிப்பு, முன்பு இல்லாத இடத்தில் கசியும் ஊற்று ஆகியவை உண்டா என்று வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். பிறகு ஏறிப்போய் மேல் வீட்டுக்காரரோடு பேசுங்கள். அவருடைய கூரைத் தண்ணீரும் மலசலகூடக் குழியின் கசிவும் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்பதைப் பொறுத்தே உங்கள் பின்சுவர் நிலைக்கும்.

கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களில் மண்சரிவு அபாயம் உள்ள இடங்களில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையையும், உள்ளூராட்சி சபை அங்கீகரித்த கட்டட வரைபடத்தையும் விற்பவரிடம் கேளுங்கள். பின்னர் சேர்த்துக் கட்டிய அறை வரைபடத்தில் இல்லாவிட்டால், அதற்காக மண்மேடு அனுமதியின்றி வெட்டப்பட்டிருக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கும்படியும், 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகும்படியும், 150 ஐத் தாண்டினால் வெளியேறும்படியும் அந்த நிறுவனம் எச்சரிக்கை விடுக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அந்தப் பிரிவில் எந்தெந்த வீட்டார் வெளியேற்றப்பட்டனர் என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால், ஒரு நாள் வேலையில் உங்களுக்குப் பெரும்பாலான விடை கிடைத்துவிடும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நாம், இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

சமதரை என்பதால் கம்பளை வீட்டில் கவலை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அதே புயலில் கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலி கரை மீறியது. பக்கத்துக் கடைக்காரரிடம், தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விலை ஏன் குறைந்தது என்பதற்கும் அதிலேயே காரணம் இருக்கக்கூடும். அக்குறணைப் பக்கம் பார்த்தாலும் அங்கே ஓடும் பிங்கா ஓயா ஆற்றை மனத்தில் வைத்து இதே கேள்வியைக் கேளுங்கள்.

தண்ணீர் வசதிக்கு, நீர் வழங்கல் சபையின் ஓராண்டுப் பட்டியல்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்பதை அயலவர் சொல்வார்கள்.

பாடசாலை விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பாடசாலைக்கு அருகே வீடு வாங்கிவிட்டால் தரம் 1 இல் இடம் உறுதி என்று தரகர்கள் சொல்வார்கள். அரைவாசி இடங்கள் அண்மையில் வசிப்போருக்கு ஒதுக்கப்படுவது உண்மைதான். ஆனால் புள்ளி வழங்கும்போது வீட்டின் உறுதிப் பத்திரம் எத்தனை ஆண்டுகளாக உங்கள் பெயரில் இருக்கிறது, கடந்த ஐந்தாண்டு வாக்காளர் இடாப்பில் பெயர் உண்டா என்பவற்றைப் பார்ப்பார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட அருகில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால் அவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். மகளுக்கு இப்போதே நான்கு வயது என்பதால், புதிய உறுதியை நம்பி ஒரு பிரபல பாடசாலையின் வாசலில் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சேவைத் தேவை கருதி இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகளுக்கும் கல்வித்துறையினரின் பிள்ளைகளுக்கும் தனித்தனியே சிறு ஒதுக்கீடுகள் உள்ளன. கணவரின் இடமாற்றக் கடிதத்தைக் கொண்டுபோய் வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். காலை ஆறேமுக்காலுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு, மகளின் புத்தகப் பையை நீங்கள் சுமந்து, அந்த வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம்வரை ஒருமுறை நடந்தும் பாருங்கள். மழையில் முச்சக்கரவண்டி ஏறாத செங்குத்துப் பாதை என்றால், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை இரவில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியவர் நீங்கள்தான்.

அயலவரைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த எண்ணம் உள்ளே இருக்கும் என்று அறிவேன். 1983 ஐக் கண்ட நம் பெற்றோரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதற்காக நம்மவர் மட்டும் இருக்கும் இடத்தையே தேட வேண்டியதில்லை. அந்த ஊரின் மரணாதார சங்கத்தில் எல்லா இன வீட்டாரும் உறுப்பினரா என்று விசாரித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தலுக்குத் தகரமும் கதிரையும் தூக்கி வருவோர் யார் என்பதை வைத்து ஒரு கிராமத்தை அறியலாம். சிங்களமும் தமிழும் கலந்து விளையாடும் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் கைவருவது பெரிய சொத்து.

என்னைக் கேட்டால், இரண்டு வீட்டையும் இப்போது வாங்காமல், உங்களுக்குப் பிடித்த பகுதியில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள் என்பேன். ஒரு பருவ மழையையும் ஒரு வரட்சியையும் அங்கேயே பார்த்துவிடலாம். வாக்காளர் இடாப்பிலும் பெயர் ஏறிவிடும்.

கேள்வி: பண்டாரவளைக்கு அருகே 12 பேர்ச்சஸ் காணியோடு சிறு வீடு ஒன்று விலைக்கு வருகிறது. ‘ஜயபூமி’ உறுதி இருப்பதாகவும், அற்றோணித் தத்துவம் (உரிமையாளர் தம் சார்பில் செயற்படக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதித் தந்தால் போதும் என்றும் சொல்கிறார்கள். கிணறும் உண்டு. வாங்கலாமா?
– வாசகர், ஹாலிஎல

பதில்: இந்த முறையில் வாங்காதீர்கள். ஜயபூமி, சுவர்ணபூமி என்பவை காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அளிப்புகள். பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி அந்தக் காணியைக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தவர் இறந்தால், பணமும் கொடுத்து வீட்டிலும் குடியிருக்கும் நீங்கள் வழக்கில் நிற்க நேரிடும். சம்மதக் கடிதத்தை விற்பவரே பெற்றுத் தரட்டும். அல்லது அளிப்பு முழு உரிமையாக மாற்றப்பட்டிருந்தால் அதன் பத்திரத்தைக் காட்டட்டும். அதன்பின் உங்கள் சொந்த நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்து, நில அளவையாளரை அழைத்து எல்லைக் கற்களையும் சரிபாருங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சம் ரூபாய்க்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்றைப் பொறுத்தவரை, உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்தில் 2014 இறுதியில் நீர்க்கசிவு ஏற்பட்ட பின்னர் பண்டாரவளைப் பக்கம் பல கிணறுகள் வற்றின, வீடுகளும் வெடித்தன. ஊவாவில் ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் வரட்சியானவை. அப்போது போய், வாளியை இறக்கித் தண்ணீர் எத்தனை முழத்தில் இருக்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.