கடனே வாங்கவில்லை, ஆனால் "கேஸ் போடப் போகிறோம்" என்று போனில் மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

கேட்டவர் நாலு வரிதான் எழுதியிருக்கிறார். ஏதோ கடன் பாக்கி என்று தினமும் போன் வருகிறதாம். இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் வாரண்ட் என்கிறார்களாம். தான் கடனே வாங்கவில்லையாம். கடைசியாக, "கொஞ்சம் கட்டிவிட்டால் தொல்லை விடுமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். விடாது. நான் கட்டிப் பார்த்தவன்.

நான் வக்கீல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தனியார் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு எழுதுகிறவனே ஏமாந்தானா என்று சிரிக்க நினைப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் வீட்டில் சிரித்து முடித்தாகிவிட்டது.

2024 ஆகஸ்ட் மாதம். மதியம் சாப்பிட்டுவிட்டு சீட்டுக்கு வந்தேன், போன் அடித்தது. ட்ரூகாலரில் 'சிவில் கோர்ட் லீகல் செல்' என்று வந்தது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. எடுத்தால் ஒரு பெண் குரல். என் பெயரைச் சொன்னது மட்டுமில்லை, இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு முழுசாகச் சொன்னார்.

"உங்க மேல 420ல கேஸ் ஃபைல் ஆயிருக்கு சார். நாலு மணிக்கு ஃபைல் ஜட்ஜ் டேபிளுக்குப் போயிடும். அதுக்கு முன்னாடி எங்க அட்வகேட் சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுறீங்களா?"

(அந்த ஜூலை 1ஆம் தேதியோடு இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடிக்கு இப்போது 318. செத்துப்போன செக்‌ஷனை வைத்து மிரட்டினார்கள் என்று பிறகு ஒரு வக்கீல் நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். பழைய காலத்துச் சம்பவம் என்றால் பழைய சட்டம்தான் பொருந்தும் என்று அவர் என் வாயை அடைத்துவிட்டார். ஆகவே செக்‌ஷன் நம்பரை வைத்து மட்டும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.)

லைனில் வந்த 'அட்வகேட்' அதட்டவே இல்லை. அதுதான் எனக்கு விழுந்த முதல் அடி. மெதுவாக, ஒரு பெரிய மனுஷன் மாதிரிப் பேசினார். "2017ல ஒரு கன்ஸ்யூமர் லோன் எடுத்திருக்கீங்க, ஞாபகம் இருக்கா சார்?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் எடுத்திருந்தேன். தவணையில் ஒரு ஃப்ரிட்ஜ். கடைசித் தவணையில் பேங்கில் பணம் இருந்தும் ஆட்டோ டெபிட் திரும்பிவிட்டது என்று அபராதம் போட்டார்கள். அதற்காக நான் போய்ச் சண்டை போட்டேன். கடைசியில் அந்த அபராதத்தைக் கட்டினேனா, தள்ளுபடி செய்தார்களா என்று சத்தியமாக நினைவில்லை. பாக்கி இல்லை என்று தரும் நோ டியூ சர்டிஃபிகேட்டும் வாங்கவில்லை. அதோடு இன்னொன்று: அந்தக் கடன் விண்ணப்பத்தில் அப்பா பெயரை ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடுதலாகப் போட்டுத் தப்பாக எழுதியிருந்தார்கள். வாட்ஸ்ஆப்பில் அந்த ஆள் அனுப்பிய நோட்டீஸில் அதே 'எச்' இருந்தது. அந்தத் தப்பு எனக்குத் தெரிந்து உலகத்தில் அந்த ஒரு தாளில்தான் உண்டு. என் விவரம் எங்கிருந்து கைமாறியது என்று இன்றைக்கு அதே 'எச்'சை வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்ததும் 'நிஜமான ஆபீஸிலிருந்துதான் பேசுகிறார்கள்' என்று தோன்றிவிட்டது.

கேள்வி கேட்டவர் 'கடனே வாங்கவில்லை' என்று அடித்துச் சொல்கிறார். அப்படிச் சொல்ல முடிகிறவர் கொடுத்துவைத்தவர். நம்மில் பலருக்கு எங்கேயாவது ஒரு பழைய கார்டு, பாதியில் விட்ட ஒரு தவணை, யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து இருக்கும். போன் செய்கிறவனுக்குச் சட்டம் தெரிய வேண்டியதே இல்லை. அந்த இடத்தைத் தொடத் தெரிந்தால் போதும்.

பாக்கி 38,700 என்றார். மூச்சு நின்றது. இன்றே 'ஒன் டைம் செட்டில்மென்ட்' என்றால் 6,500 போதும் என்றார். மூச்சு திரும்பி வந்தது. 6,500 என்பது ஏதோ எனக்கு வந்த லாபம் மாதிரி இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆபீஸ் மாடிப்படியில், ஃபயர் எக்ஸ்டிங்விஷர் பக்கத்தில் நின்றுகொண்டு ஜிபேயில் அனுப்பினேன். பணம் போன கணக்கின் பெயர் ஏதோ 'மொபைல்ஸ்' என்று முடிந்தது. கோர்ட்டுக்கு எதற்கு மொபைல் கடை என்று கேட்கத் தோன்றவில்லை. போனில் பின்னணியில் இன்னொரு குரல் வேறு யாரிடமோ "நாலு மணிக்கு ஃபைல் ஜட்ஜ் டேபிளுக்கு" என்று அதே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் காதில் விழுந்தது. விழுந்தும் அனுப்பினேன்.

வீட்டில் சொல்லவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து மறுபடி அழைப்பு. கேஸை முடித்து என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) கொடுக்க 4,200 கட்டணம், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 4,956. இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வேன். சந்தேகப்பட்டுக் கேட்டதாகச் சொன்னால் அது பொய். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது: "ஜிஎஸ்டி நம்பர் சொல்லுங்க, பில் வேணும்."

எதிர்முனையில் மூன்று விநாடி சத்தமில்லை. அப்புறம் அந்தப் பெரிய மனுஷக் குரல் மாறியது. "கோர்ட்டுக்கே பில் கேக்குறியா நீ?"

'சார்' எங்கே போனது என்று நினைத்தேன். போனை வைத்தேன். கை நடுங்கியது. பக்கத்து சீட்டில் இருக்கும் பெண், என்னைவிட இருபது வயது சின்னவர், "என்ன சார் ஆச்சு?" என்றார். கொட்டிவிட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கேஸ் நம்பர் வாங்கினீங்களா?"

நோட்டீஸில் ஓ.எஸ். (சிவில் வழக்குக்குப் போடும் எழுத்து) என்று போட்டு ஒரு நம்பர் இருந்தது. இ-கோர்ட்ஸ் என்று அரசின் இணையதளம் ஒன்று இருக்கிறது. எந்தக் கோர்ட், கேஸ் நம்பர், வருஷம் போட்டால் வழக்கு வந்துவிடும். கட்சிக்காரர் பெயரை வைத்தும் தேடலாம். பதிவான ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சிஎன்ஆர் நம்பர் உண்டு. அந்த ஓ.எஸ். நம்பரைப் போட்டோம், வழக்கு வந்தது. இரண்டு அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் பாகப்பிரிவினைத் தகராறு. என் பெயர் எதிலும் இல்லை. நோட்டீஸை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் சிவப்பு முத்திரை ஒரே கோணத்தில் சாய்ந்து, ஒரே இடத்தில் மை மங்கியிருந்தது. கையால் குத்தின முத்திரை அப்படி இருக்காது.

1930க்கு போன் செய்தேன். சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது, cybercrime.gov.in என்ற அரசுத் தளத்திலும் புகார் கொடுக்கலாம். பணம் போன கையோடு கூப்பிட்டிருந்தால் அது அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கப் பார்த்திருப்பார்கள். நான் பத்தொன்பது நாள் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். புகார் எண் இருக்கிறது. 6,500 இல்லை.

அந்த வாரமே என் பெயரில் உள்ள கடன்களையெல்லாம் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்தேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நாலு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. என் ஃப்ரிட்ஜ் கடன் 2018இலேயே 'க்ளோஸ்டு', பாக்கி சைபர். கேட்டவர் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இதுதான். ஒருவேளை உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் வாங்கியிருந்தால் அதிலேயே தெரியும். தப்பைத் திருத்தச் சொல்லிப் புகார் கொடுத்தால் 30 நாளில் முடிக்க வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

மிரட்டல் விஷயத்துக்கு வருகிறேன். கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், அதற்கு மட்டும் யாரும் மாலை நாலு மணிக்குள் வாரண்ட் வாங்க முடியாது. செக் திரும்பினால் செக்குக்கான சட்டத்தில் 138ஆம் பிரிவு, ஆட்டோ டெபிட் திரும்பினால் 2007ஆம் வருஷச் சட்டம் ஒன்றில் 25ஆம் பிரிவு. இரண்டும் கிரிமினல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் முதலில் எழுத்தில் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அப்புறம்தான் கோர்ட். பணம் கேட்டுப் போடும் சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. நடுவில் கொஞ்சம் கட்டினாலோ 'ஆமாம் பாக்கி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ கெடு புதிதாக ஓட ஆரம்பிக்கலாம். அதனால் நிஜக் கடனாகவே இருந்தாலும் யோசிக்காமல் 'ஒரு ஐநூறு' அனுப்பிவைக்காதீர்கள். போலீஸ் பெயரில் வாட்ஸ்ஆப் நோட்டீஸ் வந்தால், ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 35ஆம் பிரிவு) வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது.

நிஜமான வசூல் ஏஜென்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் தொல்லை செய்யக் கூடாது. எனக்கு வந்த அழைப்புகளில் ஒன்று இரவு ஒன்பதே முக்காலுக்கு.

போன் வந்தால் நான் இப்போது சொல்வது ஒரே வாக்கியம்: "கடன் நம்பர், யார் கொடுத்த கடன், எவ்வளவு, எல்லாம் எழுத்தில் என் முகவரிக்கு அனுப்புங்க." முகவரி என்ன என்று திருப்பிக் கேட்டால், கடன் கொடுத்தவரிடம் அது இருக்க வேண்டுமே என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பிறந்த தேதி, பான் நம்பர், 'ஆமாம், அப்போ கொஞ்சம் பாக்கி இருந்தது' எதுவும் வாயிலிருந்து வராது. வாதாடவும் மாட்டேன். அவர்களுக்கு நாள் முழுக்க அதுதான் வேலை, நமக்கு அப்படியில்லை. ஆனால் தபாலிலோ ஆள் மூலமோ கோர்ட் தாள் வந்தால் போலி என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தாளை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போங்கள். போகாமல் இருந்தால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும்.

கடன் வாங்கிவிட்டுக் கட்டாதவனுக்கு இவன் வழி சொல்லித் தருகிறான் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். வாங்கின கடனைக் கட்டத்தான் வேண்டும். அதை என்னிடம் சொல்வதற்குப் பதில் என் மச்சினனிடம் சொல்லுங்கள். 2019இல் 'ரெண்டே மாசம் அத்தான்' என்று 40,000 வாங்கினான். தீர்ந்துபோன கடனுக்கு என்னைத் துரத்தின ஆட்கள் வாங்கின கடனுக்கு இவனை ஒரு நாளாவது துரத்தியிருக்கலாம். கல்யாண வீட்டில் என் எதிரிலேயே உட்கார்ந்து, "அத்தான் மாதிரி படிச்சவங்களே ஏமாந்துடுறாங்க" என்று நாலு பேருக்கு என் கதையைச் சொல்கிறான். என் மனைவி தம்பியை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சரி, அது வேறு கதை.

முழுக்க வேறு கதையும் இல்லை. போன மாதம் காலை பதினோரு மணிக்கு ஒரு அழைப்பு. ஃபைனான்ஸ் கம்பெனியாம். நான் என் வாக்கியத்தை ஆரம்பித்தேன். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், லெட்டர் ஏற்கெனவே அவர் வீட்டுக்கே போயிடுச்சு. நீங்க எதுவும் கட்ட வேண்டாம். ரெஃபரன்ஸா உங்க நம்பர் குடுத்திருக்கார், அவரை போன் எடுக்கச் சொல்லுங்க, போதும்" என்று என் மச்சினன் பெயரைச் சொன்னான். என்னைக் கூப்பிடுவதே விதிப்படி தப்பு என்று சொன்னேன், "சாரி சார்" என்று வைத்துவிட்டான். விசாரித்தால் லெட்டர் வந்து பத்து நாள் ஆகிறது, டிவிக்கு அடியில் கிடக்கிறது என்று மச்சினன் பெண்டாட்டியே சொன்னாள். அவனைக் கூப்பிட்டு என்னடா இது என்றேன்.

"ஐயோ அத்தான், அதெல்லாம் ஃப்ராடு கால். மறுபடியும் நம்பிடாதீங்க" என்றான்.