100 எம்பிபிஎஸ் பிளான் இருந்தும் படுக்கையறையில் வைஃபை இழுக்கிறது, 300க்கு மாறலாமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். 90க்கு மேல் வந்தால் இணைப்பு சரியாகவே இருக்கிறது, குறை வீட்டுக்குள்தான். 300க்குப் பணம் கட்டினாலும் அந்த அறையில் பெரிதாக எதுவும் மாறாது.

பல வீடுகளில் ஃபைபர் உள்ளே நுழையும் மூலையிலேயே, டிவிக்குப் பின்னால் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாதி அலை தெருவுக்குத்தான் போகிறது! வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில், திறந்தபடி வையுங்கள். வைஃபைக்குப் பொதுவாக 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு செங்கல் சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். கான்கிரீட்டும் இரும்பு பீரோவும் இன்னும் மோசம். 2.4 தூரம் போகும், ஆனால் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களோடு நெரிசல்படும். ரவுட்டர் செட்டிங்கில் 2.4க்குள் சேனல்கள், அதாவது தனித்தனி தடங்கள், இருக்கும்; அவற்றில் 1, 6, 11 ஆகியவை ஒன்றோடொன்று மோதாது. இந்த மூன்றில் நெரிசல் குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறமும் எட்டவில்லையா? மலிவான ரிப்பீட்டர் வேண்டாம். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். படுக்கையறை வரை லேன் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்ட்டாக, அதாவது கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் கருவியாக, மாற்றி வையுங்கள். சுவரில் ஒரு துளை போடும் வேலைதான், ஆனால் அதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை.