மண்ணில் புதைத்த பொம்மை: குழந்தைகளின் விளையாட்டும் மனமும்

விளையாட்டுச் சிகிச்சை, கலைவழிச் சிகிச்சை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகனுக்கு ஆறு வயது. இரண்டு மாதங்களுக்கு முன் என் மாமனார் காலமானார். அதிலிருந்து பொம்மையைத் துணியில் சுற்றி, பூப் போட்டு, செடித் தொட்டியில் புதைக்கிறான். பிறகு தோண்டி எடுக்கிறான். தினமும் இதே விளையாட்டு. அபசகுனம் என்று மாமியார் அழுகிறார். தடுக்கலாமா? (ஈரோடு வாசகி)

தடுக்காதீர்கள். பெரியவர்கள் நீங்கள் வாய்விட்டு அழுதீர்கள். பதினாறாம் நாள் காரியம்வரை எல்லாம் செய்தீர்கள். துக்கத்தை ஆற்றிக்கொள்ள நமக்கு இத்தனை சடங்குகள் இருக்கின்றன. பிள்ளைகளை அன்றைக்குப் பெரும்பாலும் பக்கத்து வீட்டில் விட்டுவிடுகிறோம். பார்க்காமல் போனதை, அல்லது பார்த்தும் புரியாததை, அவன் இப்போது தன் கையால் செய்து பார்க்கிறான். அவன் தோண்டி எடுப்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இறந்தவர் திரும்பமாட்டார் என்பது இந்த வயதில் பல குழந்தைகளுக்கு இன்னும் உறுதிப்படாத விஷயம். 'தாத்தா வருவாரா?' என்று அவன் வாயால் கேட்கவில்லை, தொட்டி மண்ணில் கேட்கிறான்.

பக்கத்தில் உட்காருங்கள். கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள்: "பொம்மைக்குப் பூப் போடுகிறாய்." அது தாத்தாதான் என்று நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம், வேண்டுமானால் அவனே சொல்வான். கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள்: "தாத்தா இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இனி வரமாட்டார். எனக்கும் அழுகை வருகிறது." 'தூங்குகிறார்' என்று சொல்லிவைத்த வீடுகளில், இரவில் கண்ணை மூடவே பயப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மாமியாருக்கு அந்த விளையாட்டு வலிப்பதும் நியாயமே. போனவர் அவருடைய கணவர். தொட்டியை மொட்டை மாடிக்கு மாற்றிவிடுங்கள். நாளாக ஆக விளையாட்டு மாறுகிறதா என்று கவனியுங்கள். பொம்மைக்குச் சோறு ஊட்டுவான், வேறு ஆள் கதைக்குள் வருவார். எதுவும் மாறாமல், விளையாடி முடித்த பிறகும் ஆறுதல் இல்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டால் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மகளை ஆறு வாரமாக விளையாட்டுச் சிகிச்சைக்கு அழைத்துப்போகிறேன். மணலில் விளையாடிவிட்டு வருகிறாள். "என்ன செய்தாய்?" என்றால் "ஒன்றுமில்லை" என்கிறாள். இதற்குப் பணம் கொடுக்க வேண்டுமா? (மதுரை வாசகர்)

உங்கள் சந்தேகம் புரிகிறது. வெளியே இருந்து பார்த்தால் அது வெறும் மணல்தான். லண்டனில் குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்டு 1928இல் ஒரு சிகிச்சையகம் தொடங்கினார். அங்கே மணல் தட்டும் சின்னச் சின்னப் பொம்மைகளும் கிடைத்தபோது, பிள்ளைகளே தட்டுக்குள் காட்சிகளை அமைத்து அவற்றை 'உலகம்' என்று அழைத்தார்கள். இன்றைய மணல் தட்டு அங்கிருந்து வந்தது. தட்டின் உட்புறம் நீலமாக இருக்கும். விரலால் மணலை விலக்கினால் தண்ணீர் தெரியும்.

என்னிடம் வந்த ஒரு சிறுமி (அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்) பள்ளியில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். வாராவாரம் ஒரு பசுவை நடுவில் வைத்துச் சுற்றிலும் வேலி கட்டினாள். ஐந்தாவது வாரம் வேலியில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டாள். "வேலியில் வழி இருக்கிறது" என்றேன். தலையசைத்தாள். அவள் வகுப்பில் பேசத் தொடங்கியது அதற்கு வெகு நாள் கழித்துத்தான்.

ஒவ்வொரு வாரமும் அதே நேரம், அதே அறை, அதே பொம்மைகள். பொம்மையை அடிக்கலாம், ஆளை அடிக்கக் கூடாது என்ற ஓரிரண்டு எல்லைகள். அதற்குள் உங்கள் மகள் வைத்ததுதான் சட்டம். வாசலிலேயே விசாரித்தால் அந்த அறை இன்னொரு பரீட்சையாகிவிடும். சிகிச்சையாளரிடம் தனியாக நேரம் கேளுங்கள். போக்கு எப்படி இருக்கிறது என்று பெற்றோருக்கு விளக்குவது அவருடைய கடமை.

மகள் எல்லாவற்றையும் கறுப்பில் வரைகிறாள். மனச்சோர்வா?

நிறத்தை வைத்து நோய் சொல்ல முடியாது. இப்படி ஒரு பெற்றோர் பதறி வந்தபோது, குழந்தையின் கிரேயான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மற்ற நிறங்கள் எல்லாம் நகத்தளவு தேய்ந்திருந்தன, கறுப்பு மட்டும் முழுசாக இருந்தது. "இது என்ன?" என்பதற்குப் பதிலாக "இதைப் பற்றிச் சொல்கிறாயா?" என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் வீட்டை இழந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். மொத்தம் நாற்பது பேர். ஆசிரியராக நான் ஏதாவது செய்ய முடியுமா? (கடலூர் மாவட்டம்)

சிகிச்சை செய்ய முடியாது. ஆனால் பிள்ளைகளுக்குத் தேவையான நிறையவற்றை உங்களால் கொடுக்க முடியும். இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1996இல், அங்குள்ள மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிகளின் பெயரால் ஒரு சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், ஓவியம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். ஏரிக் களிமண்ணும் பழைய செய்தித்தாளும் போதும். 'வெள்ளத்தை வரையுங்கள்' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். வர வேண்டியது தானாக வரும், சிலருக்கு வராமலே போகும். மதிப்பெண், பரிசு, 'யாருடையது அழகு' எதுவும் வேண்டாம். கேட்காமல் யார் படத்தையும் சுவரில் ஒட்டாதீர்கள். செய்ததை உடைத்துவிட வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்தால் உடைக்கட்டும்.

வீட்டில் என்ன பொம்மை வாங்கலாம்?

சொப்புச் சாமான், மரப்பாச்சி, பழைய புடவை, களிமண், வண்ணம். பொத்தானை அழுத்தினால் ஓடும் கார் ஓட மட்டுமே செய்யும். புடவை வீடாகும், ஆறாகும், பாம்பாகும். வாரத்தில் அரை மணி நேரம் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். என்ன விளையாடுவது என்று குழந்தை சொல்லட்டும். நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

எப்போது, யாரிடம் போக வேண்டும்?

பழகிய திறன்கள் பின்வாங்கினால், படுக்கையை நனைப்பது மீண்டும் தொடங்கினால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினால், பள்ளியைக் கண்டாலே நடுங்கினால் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ முதலில் காட்டுங்கள். விளையாட்டு, கலைவழிச் சிகிச்சை தருகிறவரிடம் எங்கே பயின்றார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. யாரை அணுகுவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். குழந்தையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்ற ஐயம் இருந்தால், துருவித் துருவி விசாரிக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.