ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே ஊறப் போடுங்கள்

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். திருப்பூர்ல நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போறோமுங்க. வீடு வந்து சேர எட்டரை ஆயிரும். வாரத்துல ரெண்டு நாள் பரோட்டா பார்சல். மத்த நாள்ல ஃப்ரிட்ஜ்ல இருக்கற மாவுல தோசை, இல்லைன்னா காலைல வடிச்ச சோத்தைத் தாளிச்சுக் கிளறிக்குவோம். சாப்பிடப் பத்து மணி ஆயிருதுங்க. அவருக்கு 47 வயசு, சர்க்கரை இருக்கு. வெறும் வயித்துல 158, மூணு மாசச் சராசரியைக் காட்டற ஹெச்பிஏ1சி 7.8. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, காலையும் ராத்திரியும். ராத்திரி மாத்திரையை வீட்டுக்கு வந்ததுமே போட்டுக்குவார். சோத்தை விட்டுட்டுச் சப்பாத்திக்கு மாறச் சொல்றாங்க. அத்தை, ரெண்டு குழந்தைங்க எல்லாரும் சாப்பிடற மாதிரி அரை மணி நேரத்துல என்னங்க செய்யறது?

பதில்: சமையலுக்கு முன்னால் மாத்திரையைச் சரி செய்யுங்கள். கிளிமிபிரைடு, கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. தட்டில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. எட்டரைக்கு மாத்திரை, பத்துக்குச் சாப்பாடு என்றால் இடையில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அடையாளம். அப்படி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். இனிமேல் தட்டு வைத்த பிறகுதான் மாத்திரை. சாலையில் நெரிசல், ஓவர்டைம் என்று எந்தக் காரணம் இருந்தாலும் இதை மாற்றாதீர்கள்.

சப்பாத்தி விஷயத்துக்கு வருவோம். நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டால் சோறு சாப்பிட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ராகிக்களியும் அப்படித்தான், உருண்டை பெரிதானால் சர்க்கரையும் ஏறும். உங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டில் குறை அரிசி அல்ல. பரோட்டா, தோசை, கிளறிய சோறு மூன்றிலும் மாவுச்சத்து மட்டுமே நிறைந்திருக்கிறது. பருப்பு, பயறு, முட்டை, காய் நான்கும் பேருக்குத்தான் இருக்கின்றன. பயறு சமைக்க நேரமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் நேரம் பிடிப்பது ஊறுவதற்குத்தான், அந்த நேரத்தில் நீங்கள் கம்பெனியில் இருப்பீர்கள். காலையில் கிளம்பும்போது ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும்.

முதலில் நம் ஊர் அரிசிம்பருப்பு சாதம். வழக்கமாக மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புப் போடுவோம். நீங்கள் ஐந்து பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் துவரம்பருப்பு, இரண்டு டம்ளர் நறுக்கிய காய் என்று போடுங்கள். காய்க்குச் சுரைக்காய், அவரை, கேரட் எதுவும் ஆகும். வந்ததும் அரிசியையும் பருப்பையும் சேர்த்துக் கழுவி 20 நிமிடம் ஊற வைத்துவிட்டு முகம் கழுவப் போகலாம். 5 லிட்டர் குக்கரில் மூன்று டீஸ்பூன் கடலெண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், இடித்த மிளகு, வரமிளகாய் மூன்று, கைப்பிடி சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, கறிவேப்பிலை என்று தாளியுங்கள். தக்காளி ஒன்று போதும். புளிப்பு கூடினால் பருப்பு வேக மறுக்கும், அரிசி மட்டும் குழைந்துவிடும். மஞ்சள்தூள், உப்பு, காயுடன் ஐந்தரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒட்டியதைக் கரண்டியால் நன்றாகச் சுரண்டிவிட்டு மூடுங்கள். அடிப்பிடிப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஒட்டல்தான் காரணம். மிதமான தீயில் மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும்.

இதில் ஆளுக்கு ஏறத்தாழ 10 கிராம் புரதம் கிடைக்கும். இன்னொரு அடுப்பில் முட்டையை வேக வைத்தால் ஒவ்வொன்றிலும் இன்னும் 6 கிராம். உங்கள் வீட்டுக்காரர் முட்டையையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வரட்டும். சர்க்கரை ஏறும் வேகம் குறையும். அத்தைக்குப் பல் சிரமம் என்றால் கொஞ்சம் வெந்நீர் விட்டு மசித்துக் கொடுக்கலாம்.

அடுத்தது கொள்ளு. ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பார்த்துக் கழுவி, காலையில் நான்கு டம்ளர் தண்ணீரில் ஊற வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் மாலைக்குள் புளித்த வாடை வரும், அப்போது ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் ஆறேழு விசில். ஊற வைக்காமல் வேக வைத்த கொள்ளு உள்ளே கட்டியாக இருந்து வயிற்றை உப்ப வைக்கும். வெந்ததை வரமிளகாய், சீரகம், மல்லி, பூண்டுடன் மிக்ஸியில் கொரகொரப்பாக ஒரு சுற்றுச் சுற்றினால் கொள்ளுப்பருப்பு. வடித்த தண்ணீரில் தக்காளி, மிளகு, பூண்டு தட்டிப் போட்டால் ரசம். ஒரே வேகவைப்பில் இரண்டும் ஆயிற்று. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளு மட்டும் கொழுப்பைக் கரைத்துவிடாது. சோற்றின் அளவு குறைந்து அந்த இடத்தில் கொள்ளு வந்தால்தான் பலன். சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் மட்டும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் பருப்பு, பயறின் அளவைக் கூட்டக் கூடாது.

மாவு இருக்கும் நாளில் மூன்று நான்கு தோசைக்குப் பதில் இரண்டு முட்டைத் தோசையும் நிலக்கடலைச் சட்னியும் போதும். மாவு தீர்ந்த நாளுக்குப் பச்சைப்பயறு தோசை. காலையில் ஊறப்போட்ட இரண்டு டம்ளர் பயறு, இரண்டு ஸ்பூன் அரிசி, இஞ்சி, பச்சைமிளகாய் எல்லாம் சேர்த்து அரைத்து உடனே வார்க்கலாம், புளிக்கத் தேவையில்லை. கல் அதிகம் காய்ந்திருந்தால் மாவு திரண்டு வரும். தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு வாருங்கள். பரோட்டா வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அவருக்கு ஒன்றோடு நிறுத்தி, இரண்டு முட்டை ஆம்லெட் போட்டுக் கொடுங்கள்.

காலையில் வடித்த சோற்றை இரவு வரை மேடையில் வைத்துக் கிளறுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாந்தியில் படுக்க வேண்டி வரும். மீந்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் இரவு தாராளமாகச் சூடுபடுத்திச் சாப்பிடலாம்.

இப்படிச் செய்தால் ஒன்பதே காலுக்குள் சாப்பிட்டுவிடலாம். சாப்பிட்டதும் தெருவில் பத்து நிமிடம் நடக்கட்டும், படுக்கை பதினொன்றுக்கு மேல்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், பழைய சாப்பாடு சாப்பிடும் நாளில் ஒன்றும் அரிசிம்பருப்பு நாளில் ஒன்றுமாக, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 180க்குள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி எடுங்கள். இடையில் எப்போதாவது 70க்குக் கீழே போனால் அந்தக் குறிப்போடு உங்கள் டாக்டரைப் பாருங்கள். கிளிமிபிரைடு அளவைக் குறைக்க வேண்டி வரலாம். நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.