ஆகர் துளையிடலுக்கு எந்த வெட்டுத்தலை? தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்துக்கான ஆலோசனை

கேள்வி: காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையில், தேசிய நெடுஞ்சாலை 44-க்கு அடியில் குடிநீர்க் குழாய்க்காக 900 மில்லிமீட்டர் விட்டமுள்ள கேசிங்கை (குழாயைச் சுற்றி நிற்கும் எஃகு உறையை), ஆகர் எனும் சுழலும் திருகுத் தண்டால் மண்ணை வெளியே எடுத்தபடி, 45 மீட்டர் தூரம் தள்ளும் வேலையை எடுத்துள்ளேன். சாலையின் இருபுறமும் ஒவ்வொரு பரிசோதனைத் துளை போட்டிருக்கிறார்கள். மேற்கே 1.8 மீட்டர் வரை செம்மண், 4 மீட்டர் வரை மொரம்பும் (பாறை சிதைந்து உண்டான சரளை மண்) சிதைந்த பாறையும், அதற்குக் கீழே கெட்டிப் பாறை. கிழக்கே கெட்டிப் பாறை 4.6 மீட்டரில் வருகிறது. குழாயின் மையம் 3.9 மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும் என்கிறது வரைபடம். ஆகரின் முன்முனையில் மாட்டும் வெட்டுத்தலைகளை வாடகைக்குத் தருபவர், பாறைத் தலை ஒன்றை எடுத்தால் எல்லா மண்ணுக்கும் போதும் என்கிறார். அது சரியா?

பதில்: சரியில்லை. ஆனால் தலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் குழாயின் மட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் நீங்கள் கொடுத்திருக்கும் அளவுகளின்படி கேசிங்கின் மேல் விளிம்பு 3.45 மீட்டரிலும் அடி விளிம்பு 4.35 மீட்டரிலும் அமைகிறது. அதாவது இயந்திரத்தை இறக்கும் மேற்குக் குழியிலிருந்து புறப்படும்போது துளை முகத்தின் மேற்பகுதியில் 55 சென்டிமீட்டர் சிதைந்த பாறையும், அடியில் 35 சென்டிமீட்டர் கெட்டிப் பாறையும் ஒரே நேரத்தில் தலைக்கு முன் நிற்கும். கிழக்கே போகப் போகப் பாறை கீழே இறங்கி, முகம் முழுவதும் மொரம்பாகிவிடும். ஆகர் துளையிடலில் இதைவிடக் கடினமான நிலை அரிது. தலை எப்போதும் தளர்ந்த பக்கமாகவே விலகும். அடியில் பாறை தாங்கிப் பிடிக்க, மேலே மொரம்பு இடம் கொடுக்க, கேசிங் சாலையை நோக்கி மேலேறத் தொடங்கும். 900 மில்லிமீட்டர் குழாய் பத்துப் பதினைந்து மீட்டர் உள்ளே போன பிறகு அதைத் திருத்தித் திரும்ப நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

எனவே என் முதல் ஆலோசனை, பொறியாளரிடம் பேசி மட்டத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள் என்பதே. சாக்கடைக் குழாய் என்றால் சரிவு கெடும். உங்களுடையது அழுத்தத்தில் ஓடும் குடிநீர்க் குழாய் என்பதால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மையத்தை 3 மீட்டருக்கு உயர்த்தினால் கேசிங்கின் அடி 3.45 மீட்டரில் நிற்கும், மேற்குப் பாறைக்கும் அதற்கும் 55 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும், சாலைக்கும் கேசிங்குக்கும் நடுவே 2.55 மீட்டர் மண் இருக்கும். நெடுஞ்சாலை அனுமதி ஆணையில் கேட்டிருக்கும் குறைந்தபட்ச மண் மூடல் ஆழத்தை அது நிறைவு செய்கிறதா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தால் கூம்பு முனைகள் கொண்ட புல்லட் பல் தலை போதும். கிடைக்காவிட்டால் எதிர்ப்பக்கம் யோசியுங்கள்: மையத்தை 5.6 மீட்டருக்கு இறக்கினால் முகம் முழுவதும் கெட்டிப் பாறையாகி, உருளும் வட்டுகள் கொண்ட டிஸ்க் கட்டர் தலை தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். செலவு கூடும், குழி ஆழமாகும், ஊற்று நீரையும் சமாளிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் இரண்டுங்கெட்டான் மட்டத்தில் போராடுவதைவிட அது பாதுகாப்பானது.

ஒவ்வொரு தலையும் எப்படி வெட்டுகிறது என்பது புரிந்தால் இந்த ஆலோசனையின் காரணமும் புரியும். மண் தலையில் தட்டையான பற்கள் மண்ணைச் சீவி உள்ளே தள்ளுகின்றன. செம்மண்ணிலும் கெட்டியான களிமண்ணிலும் இதுவே சிறந்தது. ஏரிப் படுகையின் ஒட்டும் களிமண்ணானால் பற்கள் குறைவாகவும் வாய் அகலமாகவும் உள்ள தலையை எடுக்க வேண்டும்; இல்லையென்றால் களி தலையில் அப்பிக்கொண்டு, ஆகர் சுழன்றாலும் மண் வெளியே வராது. தலைக்குக் கொஞ்சம் தண்ணீர் விடுவது இங்கே உதவும். தென்பெண்ணைக் கரையோர மணலிலோ தலை கேசிங்குக்கு வெளியே நீளவே கூடாது. ஆகரைக் கேசிங்குக்குள் இழுத்து வைத்து, முன்முனையில் ஒரு மண் அடைப்பு நிற்கும்படி விட்டுத்தான் தள்ள வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஓடு மணலில், நீரை இறைத்து மட்டத்தைத் தாழ்த்தாமல் ஆகர் முறையைத் தொடவே வேண்டாம். மணல் தானாக உள்ளே வந்துகொண்டே இருக்கும், சாலை மேலிருந்து அமிழும்.

புல்லட் பல் தலையில் கூம்பு வடிவ கார்பைடு முனைகள் பாறையைக் கீறிப் பெயர்க்கின்றன. மொரம்பு, சிதைந்த நைஸ் (பட்டை பட்டையான ஒரு வகைக் கடினப் பாறை), கைப்பாரையால் பெயர்க்கக்கூடிய பாறை ஆகியவற்றுக்கு இதுவே உகந்தது. பாறையின் நசுக்கு வலிமை 25 முதல் 30 மெகாபாஸ்கல் வரை இது தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் பற்கள் தேயும் வேகத்தில் லாபம் கரைந்துவிடும். சிதையாத கிருஷ்ணகிரிக் கருங்கல் 100 மெகாபாஸ்கலைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே டிஸ்க் கட்டர் வேண்டும். அது கீறுவதில்லை, உருண்டபடி பாறையை அழுத்தி, இரண்டு தடங்களுக்கு இடைப்பட்ட கல்லைச் சில்லுகளாகத் தெறிக்கவைக்கிறது. அதனால் அதற்குத் திருகு விசையோடு நல்ல தள்ளு விசையும் தேவை. இதே தலையை மொரம்பில் விட்டால், உருளப் போதிய பிடிமானம் கிடைக்காமல் டிஸ்க் சறுக்கி, ஒரே பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும். பாறைத் தலை எல்லாவற்றுக்கும் போதும் என்பது இந்த இடத்தில்தான் பொய்க்கிறது. டிஸ்க்கும் புல்லட் பற்களும் கலந்த தலைகளும் உண்டு. மட்டத்தை எந்தப் பக்கமும் மாற்ற வழியில்லாதவர்கள் அதைத்தான், மெதுவான சுழற்சியில், மீட்டருக்கு மீட்டர் மட்டம் பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஒரே நாளில் கருங்கல்லைத் துளைத்துக்கொண்டு போகிறதே, அதே பிட்டை (துளைமுனையை) இதில் மாட்டலாமா என்று நம் பகுதியில் பலரும் கேட்பதுண்டு. அந்த வண்டி காற்றழுத்தச் சுத்தியலால் பாறையை அடித்து நொறுக்குகிறது. ஆகர் இயந்திரம் சுழற்றவும் தள்ளவும் மட்டுமே அறியும். கிடைமட்டமாக அடிக்கும் சுத்தியல்களும் இருக்கின்றன, ஆனால் ஆழம் குறைந்த மொரம்பில் அந்தக் காற்று மண்ணைக் கிளப்பிக்கொண்டு சாலை வழியே வெளியேறும் ஆபத்து உண்டு.

இனி, உங்கள் இரண்டு துளைகளை மட்டும் நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். நம் மாவட்டங்களில் நைஸ், கிரானைட் பாறைகள் விரிசல்களின் வழியே சிதைவதால், நடுவில் சிதையாமல் எஞ்சிய உருண்டைக் கற்கள் மொரம்புக்குள் ஆங்காங்கே கிடக்கும். பாறை மட்டமும் சில மீட்டர் தூரத்துக்குள் ஏறி இறங்கும். சாலை நடுவே உள்ள இடைத்திட்டில் மூன்றாவது துளை ஒன்றை, அனுமதி பெற்று, கண்டிப்பாகப் போடுங்கள். பாறையில் பட்டதும் நிறுத்தாமல் 3 மீட்டராவது உள்ளே கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் அது தாய்ப்பாறையா, உருண்டைக் கல்லா என்பது தெரியும். கோர் துண்டுகளில் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 9143 முறைப்படி நசுக்கு வலிமைச் சோதனை செய்து எண்ணைக் கையில் வாங்குங்கள். ‘கெட்டிப் பாறை’ என்ற சொல்லை வைத்து எந்தத் தலையையும் தேர்வு செய்ய இயலாது. செலவே இல்லாத இன்னொரு வழி, அக்கம்பக்கத்துக் கிணறுகளின் சுவரை எட்டிப் பார்ப்பது. செம்மண் எங்கே முடிகிறது, மொரம்பு எவ்வளவு தடிமன், குண்டுக்கல் உண்டா என்பதையெல்லாம் வெட்டிய கிணறு அப்படியே காட்டும். கிணறு வெட்டிய பெரியவர் இருந்தால் அவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். சூளகிரிப் பக்கம் ஒரு வேலையில் நான் அதைச் செய்யாமல் போய், அறிக்கையில் இல்லாத ஒரு குண்டுக்கல்லிடம் பதினோரு நாள் மாட்டிக்கொண்டேன். அந்தத் தோட்டத்துக்காரர் பிறகு சொன்னார், அவருடைய கிணற்றிலும் அதே ஆழத்தில் மூன்று கற்களை வெடி வைத்து எடுத்தார்களாம்.

கல் எவ்வளவு பெரிதானால் சிக்கும் என்பதற்குக் களத்தில் சொல்லும் கணக்கு, ஆகர் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் கேசிங்கில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல் வெளியே வராது. அப்படி ஒன்று மாட்டினால் இயந்திரத்தின் விசையைக் கூட்டி முட்டிப் பார்க்காதீர்கள். சுழலும் தலை கல்லில் திடீரென்று நின்றால், அந்தத் திருகு விசை முழுவதும் பின்னால் திரும்பி இயந்திரத்தையே குழிக்குள் புரட்டிவிடும்; ஆகர் துளையிடலில் உயிரைப் பறிக்கும் விபத்துகளில் இது முக்கியமானது. இயந்திரம் நகரும் தண்டவாளச் சட்டத்தைக் கெட்டியான ஜல்லி அல்லது கான்கிரீட் தளத்தில் அசையாமல் பிணைத்திருக்க வேண்டும், இயக்குபவர் ஒருபோதும் இயந்திரத்தின் மேல் கால் அகட்டி நிற்கக்கூடாது. கல்லை உடைக்க ஆளை உள்ளே அனுப்புவதாக இருந்தால் ஆகரை முழுவதும் வெளியே இழுத்து, மின் இணைப்பைத் துண்டித்து, காற்றுச் சோதனை செய்து, காற்றோட்டம் கொடுத்த பிறகே அனுப்ப வேண்டும். மொரம்பு முகம் சரியும் நிலையில் இருந்தால் அதுவும் கூடாது.

தலையை வாடகைக்கு எடுக்கும்போது இறக்கைப் பற்களையும் பாருங்கள். முன்னோக்கிச் சுழலும்போது விரிந்து கேசிங்கைவிடச் சற்றே பெரிய துளையை வெட்டுபவை இவை. பின்னோக்கிச் சுழற்றினால் மடங்கித் தலை வெளியே வர வேண்டும். விட்டத்தில் 25 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக வெட்டவிடாதீர்கள், அந்த இடைவெளியை பென்டோனைட் களிமண் கரைசலால் நிரப்பிக்கொண்டே போங்கள். புல்லட் பற்கள் தம் குழிக்குள் கையால் திருப்பினால் சுழல்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சுழலாத பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து சில மீட்டர்களிலேயே பயனற்றுப் போகும், சாலைக்கு நடுவில் அதை மாற்ற ஆகர் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டிவரும். இரண்டு செட் மாற்றுப் பற்களை முதல் நாளே குழியோரம் வைத்திருங்கள்.

மூன்றாவது துளையின் முடிவு வந்தபின், இடைத்திட்டில் பாறை 3.6 மீட்டர் ஆழத்தைவிட மேலே எழுந்திருந்தால், மையத்தை 3 மீட்டரில் வைக்கும் யோசனையைக் கைவிட்டு முழுப் பாறை மட்டத்துக்கே இறங்குங்கள். அப்போது டிஸ்க் கட்டர் தலைக்குத் தேவையான தள்ளு விசையை உங்கள் இயந்திரம் தருமா என்பதை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.